கை சேராத சுற்றளவு

ஜகந்நாதன் என் தங்கை ஷ்யாமளாவைப் பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். நான் வயிற்றைப் பார்த்தேன்.

பார்ப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை. அவனுக்கு முன்னால் அதுதான் வாசற்படி தாண்டி வந்தது. கை மெலிசு, கால் மெலிசு, தோளில் எலும்பு தெரிந்தது. நடுவில் மட்டும் ஏழு மாதம் என்று சொல்லலாம். ஊரெல்லாம் ரேஷன் அரிசியை எண்ணிப் பொங்கித் தின்றுகொண்டிருந்த சமயம் அது. மாதுங்காவில் பாதிப் பேர் வேஷ்டியை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார்கள். இவனுக்கு மட்டும் இது எங்கிருந்து வந்தது என்று கட்டடமே கேட்டது. எனக்குத் தெரியும். பகல் முழுக்கக் கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் டைப் அடிப்பான். சாயங்காலம் இரானி கடையில் வெண்ணெய் தடவிய பன் மஸ்கா, அதற்கு மேல் இன்னொரு பன் மஸ்கா.

அவன் எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் இருந்தான். நாங்கள் முதல் மாடி. மாடிப்படியில் அவனும் ஷ்யாமளாவும் பேசிப் பேசி, பேச்சு முற்றி, ஜாதகம் வரைக்கும் வந்து, ஜாதகமும் பொருந்திவிட்டது. இரண்டு மாடி இறங்கி வந்து, நான் ரேஷன் சர்க்கரையைச் சேர்த்துவைத்துக் கிளறிய கேசரியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். பக்கத்து வீட்டு விசாலாக்ஷி மாமி அப்பாவிடம், "நல்ல லக்ஷணமான பையன். உடம்புல செழிப்பு தெரியறது பாருங்கோ" என்றாள்.

நான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். அதே வார்த்தையை அதே மாமி இன்னொருவருக்கும் சொல்லியிருக்கிறாள்.

அந்த இன்னொருவர் என் கணவர். பஞ்சாபகேசன் என்று பெயர். ஆபீசில், பஜனை மடத்தில், டிராமில், எல்லோருக்கும் பஞ்சு. நான் மட்டும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை, சொல்லக்கூடாது. இப்போது சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் "ஏன்னா" என்று கூப்பிட எனக்கு ஆள் இல்லை. அந்த ஒரு வார்த்தை நாக்கிலேயே கிடந்து உலர்ந்துபோய்விட்டது.

அவருக்கும் இதே உடம்புதான். மெலிந்த கை கால், உருண்டை வயிறு. நாங்கள் குடியிருந்த இடம் ஒன்றரை அறை. அதில் மாமனார், மாமியார், இரண்டு மைத்துனர்கள். புருஷனும் பெண்டாட்டியும் நிம்மதியாக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேச வேண்டும். தொடுவது என்பதற்கு வருஷத்தில் ஒரு நாள்தான் எல்லோருக்கும் தெரிந்த அனுமதி. தீபாவளி. எண்ணெய் ஸ்நானம் முடிந்ததும் ஆண்கள் பழைய அரைஞாண் கயிற்றைக் கழற்றிவிட்டுப் புதுக் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். இவர் மட்டும், "எனக்கு முடிச்சு சரியா விழமாட்டேங்கறது" என்று உரக்கச் சொல்லிவிட்டு, ஈரத் தலையோடு சமையலறைக்கு வந்து என் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். கயிற்றைச் சுற்றிக் கொண்டுவர வேண்டுமென்றால் கட்டிப்பிடித்துத்தானே ஆக வேண்டும்? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

முதல் தீபாவளிக்கு என் இரண்டு கையும் அவர் முதுகுக்குப் பின்னால் போய் விரலோடு விரல் கோத்துக்கொண்டன. அடுத்த தீபாவளிக்கு விரல் நுனிகள் தொட்டுக்கொண்டன. அதற்கு அடுத்ததில் தொட்டும் தொடாமலும். நாலாவது தீபாவளிக்குக் கை சேரவே இல்லை, நடுவில் ஒரு சாண் மிச்சம். "என்னடி, எட்டலையா?" என்று சிரித்தார். அவர் சிரித்தால் வயிறு குலுங்கும். என் கன்னம் அதில் ஒட்டிக்கொண்டிருந்ததால் அந்தச் சிரிப்பு எனக்குக் காதுக்கு முன்னால் கன்னத்தில்தான் கேட்டது.

ஒவ்வொரு வருஷமும் மாதுங்கா மார்க்கெட் பூக்கடையில் கயிறு வாங்கப் போவேன். "போன வருஷத்தைவிட நாலு விரல்கடை கூட விட்டுக் கொடுப்பா" என்பேன். சத்தம் போட்டுத்தான் சொல்வேன். கூட நிற்கிற பெண்டுகள் சிரிப்பார்கள், "உன் கைச் சமையல் ஒத்துண்டிருக்கு" என்பார்கள். எனக்குப் பெருமை பிடிபடாது. கயிறு இறுகினால் கயிற்றை மாற்றினோம். எங்கள் வீட்டில் மட்டும் அல்ல, மாதுங்கா முழுக்க அப்படித்தான்.

நடுவில் ஒரு தடவை ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக டாக்டரிடம் போய்வந்தார். எடை பார்த்து, உயரம் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, கடைசியில் தையற்காரன் மாதிரி டேப்பை எடுத்து மார்பையும் வயிற்றையும் அளந்தாராம். மார்பைவிட வயிறு மூன்று அங்குலம் அதிகம் என்று கம்பெனி பாலிசி தரமாட்டேன் என்றுவிட்டது. வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். "சட்டை தைக்கத் துணி போறாதுன்னு நெனச்சுட்டான் போல இருக்கு" என்றார் அவர்.

நாலாவது தீபாவளி கழிந்து வந்த தை மாதம் தாதர் ஸ்டேஷன் படியில் ஏறும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. முப்பத்திரண்டு வயது.

அதற்கப்புறம் நான் அப்பா வீட்டுக்கு வந்தேன், ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது, குழந்தைகளை அதட்டி அதட்டி என் குரல் கரகரத்துப்போயிற்று. யாராவது வந்து, அது உன் தப்பில்லை நாகு என்று ஆறுதல் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். தப்பு என்று நான் எப்போது சொன்னேன்? எனக்கு வேண்டியது சமாதானம் இல்லை. அந்த வயிறு வேண்டும். அது குலுங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே ஜகந்நாதன் கேசரித் தட்டைக் கீழே வைத்ததும் நான் கூடத்துக்கு வந்து சொன்னேன். "டாக்டர் டேப்பால அளந்து பாத்து நன்னா இருக்குன்னு சொன்னாத்தான் கல்யாணம்."

விசாலாக்ஷி மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார். பெரிய பெண் பூவும் பொட்டும் இழந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற துக்கம் அவருக்கு. அதனால் நான் எது சொன்னாலும் மறுக்கமாட்டார். "நாகு சொல்றபடியே ஆகட்டும்" என்றார். ஷ்யாமளா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் எழுத முடியாது.

ஜகந்நாதன் நல்ல பிள்ளை. "அதுக்கென்னக்கா, போனாப் போறது, அளந்துக்கறேன்" என்றான். சொல்லிவிட்டு ஒரு வாரம் பட்டினி கிடந்தான் என்று பிறகு தெரிந்தது. ஏகாதசி மாதிரி தினமும் ஒரு வேளை பால். முகமும் கழுத்தும் இன்னும் மெலிந்தன. வயிறு இருந்த இடத்தில் இருந்தது.

தாராவி முனையில் டாக்டர் தளவாய் என்று ஒருவர். திருநெல்வேலிக்காரர். தோல் பதனிடுகிற ஷாப்பு ஆட்களுக்கு வைத்தியம் பார்ப்பார், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் ஆட்களைச் சோதித்துச் சொல்வார். என் கணவரை அளந்தவர் அவர்தான். வேண்டுமென்றேதான் அவரிடம் அழைத்துப்போனேன். அப்பாவும் வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னபோது அப்பா என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. வெற்று மார்போடு தினம் மாடிப்படி இறங்கிக் குழாயடிக்கு வருகிறவன்தானே.

முதலில் எடைமேடை. டாக்டர் தலையை ஆட்டினார். "உயரத்துக்கு ஏத்த எடைதான். ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல."

ஜகந்நாதன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு டேப் வந்தது. மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லி மார்பை அளந்தார், முப்பத்தைந்து அங்குலம். டேப் வயிற்றுக்கு இறங்கியது. ஜகந்நாதன் முகம் சிவந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான்.

டாக்டர் டேப்பைச் சுற்றவில்லை. அவன் இடுப்பையே பார்த்தார். அரைஞாண் கயிறு தொளதொளவென்று தொங்கியது. அதற்கு மேலே, தினமும் கயிறு பதிந்து பதிந்து விழுந்த தடம் கறுப்பாக, ஆழமாக இருந்தது.

"தம்பி, கயிறு தொங்குது. ஆனா தடம் இந்தா ஆழமாக் கெடக்கு. ரெண்டுல எது நெசம்? மூச்ச விடும்."

ஜகந்நாதன் மூச்சை விட்டான். வயிறு தன் இடத்துக்கு வந்தது. கயிறு தடத்துக்குள் போய் உட்கார்ந்து, சதைக்குள் மறைந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. டேப் முப்பத்தேழு காட்டியது.

"ரெண்டு அங்குலம் கூட" என்றார் டாக்டர். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார். "சொல்லுதேன், கேளுங்க. எடைமேடை ஏமாத்தும். கொழுப்பு எவ்வளவுங்கறது ஒரு கேள்வி, எங்க உக்காந்திருக்குங்கறது இன்னொரு கேள்வி. தொடையில, பின்பக்கம் உக்காந்துச்சுன்னா அது பாட்டுக்குக் கெடக்கும். வயித்துல உக்காந்தாத்தான் வம்பு. முழு மூச்சு இழுத்த மார்பவிட வயிறு கூடிச்சுன்னா அந்த ஆளுக சீக்கிரம் போறாகன்னு கம்பெனிக்காரன் செத்தவங்களப் பாத்துப் பாத்துத் தெரிஞ்சு வச்சிருக்கான். எல்லாரும் போயிருவாகன்னு அர்த்தம் இல்ல. ஏன் அப்படின்னு கேட்டா எனக்கும் முழுசாத் தெரியாது. நடக்கணும், வாயக் கட்டணும். வயிறு எறங்கும். எறங்கினா பயம் கொறையும்."

அப்பா கிளம்பலாம் என்று எழுந்துவிட்டார். நான் டாக்டரிடம் கேட்டேன். "பஞ்சாபகேசன்னு ஒருத்தர். அஞ்சாறு வருஷம் முன்னாடி. ஞாபகம் இருக்கா?"

டாக்டர் என் நெற்றியைப் பார்த்தார். எல்லாம் புரிந்தது அவருக்கு. கொஞ்ச நேரம் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மறக்க முடியுமாம்மா? டேப்ப வயித்துல வச்ச ஒடனே கிச்சுகிச்சு தாங்காமச் சிரிச்ச ஒரே ஆளு அவருதான். அளக்கவே முடியல. மூணு தடவை டேப்பு நழுவிட்டு. 'என் வீட்டுக்காரி அளந்தாத்தான் நான் சிரிக்காம நிப்பேன்'னு சொன்னாரு."

அது பொய். நான் அளந்தபோதும் அவர் சிரித்தார். ஆனால் வெளியே வந்து தாராவி ரோட்டில் நடந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இத்தனை நாள் மிச்சம் இருந்திருக்கிறது. அதுவும் இன்றைக்குத் தீர்ந்துவிட்டது. இனிமேல் புதிதாக ஒன்றும் வராது.

வீட்டில் ஷ்யாமளா சாப்பிடவில்லை. மறுநாள் காலை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காதே."

"கேளு."

"அத்திம்பேரைக் கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படி அளந்து, இந்த டாக்டர் பயமுறுத்தியிருந்தார்னா, நீ அவரைப் பண்ணிண்டிருக்க மாட்டியா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தக் கல்யாணம் நின்றிருக்கும், அப்பா வேறு வரன் பார்த்திருப்பார், என் தங்கை பூவோடு பொட்டோடு இருக்கட்டும் என்கிற என் ஆசையும் நிறைவேறியிருக்கும். கையில் அப்பாவின் ஈர வேஷ்டி. அதைப் பிழிந்தேன், பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தேன். நாலு தீபாவளி. ஈரத் தலை. கன்னத்தில் கேட்ட சிரிப்பு. அந்த நாலையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நூறு வயது இருக்கிற ஒரு தட்டை வயிற்றுக்காரனைக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பேன்.

"பண்ணிண்டிருப்பேன்" என்றேன்.

"அப்பறம் என்ன?"

"பண்ணிண்டிருப்பேன். ஆனா கயத்தை மாத்தியிருக்க மாட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. நான் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். மார்க்கெட், நாலு விரல்கடை, முதல் வருஷம் கோத்துக்கொண்ட விரல்கள், கடைசி வருஷம் மிச்சமிருந்த ஒரு சாண், எல்லாம். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடிக்கும்போது அவள் என் மடியில் படுத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் ஜகந்நாதனை நிறுத்தினேன். "இடுப்புல இப்ப இருக்கே, அந்தக் கயறு. அதை அறுக்கப்படாது. தீபாவளிக்கும் மாத்தப்படாது. இறுக்கித்துன்னா இறுக்கட்டும். வயறுதான் விட்டுக்கொடுக்கணும், கயறு விட்டுக்கொடுக்காது. சம்மதமா?"

"தானா அறுந்துபோச்சுன்னா?"

"அதே அளவுக்கு நான் தரேன். ஒரு நூல் கூட இருக்காது."

"சம்மதம்கா" என்றான். பிறகு பயந்துகொண்டே கேட்டான். "இரானி கடையில ஒரு பன்னாவது...?"

"ஒண்ணு. மஸ்கா இல்லாம."

ஆனி மாதம் கல்யாணம் நடந்தது. நான் சமையலறைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மேடைக்குப் போகிற வழக்கம் எனக்குக் கிடையாது, போக ஆசைப்படவும் இல்லை. தாலி கட்டும்போது அவன் குனிந்தான். கயிறு வயிற்றை அறுத்திருக்கும், முகம் சுளித்தான். எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும்.

அதற்கப்புறம் அவர்கள் இருவரும் தினம் சாயங்காலம் பக்கத்தில் ஐந்து தோட்டம் என்கிற பூங்காவைச் சுற்றி நடந்தார்கள். பெண்டாட்டியோடு தெருவில் வேகமாக நடக்கிறவனைப் பார்த்துக் கட்டடமே கேலி செய்தது. "என்ன ஜகந்நாதா, டிராம் போயிடுத்தா?" என்பார்கள். நான் பால்கனியில் நின்று, அவர்கள் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்ப்பேன். ஷ்யாமளா நடுநடுவே அவன் கையைப் பிடித்து இழுப்பாள். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். என் தங்கைமேல் உயிரையே வைத்திருக்கிறேன். அவளைப் பார்த்தால் வயிறு எரியவும் செய்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன, ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யவில்லை. எங்களுக்கும் இதே தோட்டம் இருந்தது. இதே சாயங்காலங்கள் இருந்தன. யாரும் எங்களை நடக்கச் சொல்லவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு வந்த முதல் தீபாவளி, அவர்களுக்குத் தலை தீபாவளி. மூன்றாம் மாடியிலிருந்து மாப்பிள்ளை முதல் மாடிக்கு விருந்துக்கு வந்தார். எண்ணெய் ஸ்நானம் முடிந்து, ஈரத் தலையோடு ஜகந்நாதன் கூடத்தில் நின்றான். நான் சமையலறையில் தீபாவளி மருந்தைக் கிண்ணத்தில் வழித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று ஷ்யாமளாவின் குரல் கேட்டது. "அக்கா! இங்க வாயேன்! கயறு நிக்கமாட்டேங்கறது! நழுவறது!"

அப்பா சிரித்தார். விசாலாக்ஷி மாமி ஓடி வந்தாள். "ஐயோ, மாப்பிள்ளை இளைச்சுப்போயிட்டாரே, நன்னாப் போட வேண்டாமா?" என்று அங்கலாய்த்தாள். நான் கதவோரம் வந்து பார்த்தேன். அதே பழைய கயிறு. நிறம் வெளுத்திருந்தது. மூச்சைப் பிடிக்காமல் நிற்கிறான், ஆனாலும் கயிறு இடுப்பெலும்பு வரைக்கும் இறங்கித் தொங்குகிறது. பழைய தடம் மங்கிவிட்டது. ஷ்யாமளா முடிச்சைத் தள்ளிப் போடுவதற்காக இரண்டு கையையும் அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கை சேர்ந்தது. விரலோடு விரல் கோத்துக்கொண்டது. கோத்த கையை அவள் உடனே எடுக்கவில்லை. கோத்தபடியே அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

நான் தலையை ஆட்டினேன். "மருந்து எடுத்துண்டு வரேன்" என்று உள்ளே வந்தேன்.

கிண்ணத்தை மேடையில் வைத்தேன். சமையலறையில் யாரும் இல்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி வளைத்தேன். எந்த அளவுக்கு என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கைகளுக்கே தெரிந்திருந்தது. விரல் நுனிகளுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு அவை தாமாக நின்றுகொண்டன.

அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. நடந்திருந்தால், இறங்கியிருந்தால், இப்படி இருந்திருக்குமே என்று. விரல்களை மெல்ல நெருக்கினேன். உடனே வேண்டாம் என்று பழைய இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். நெருக்கினால் அது அவர் இல்லை.

கூடத்திலிருந்து ஷ்யாமளா மருந்து எங்கே என்று கேட்டாள். வரேன் என்று குரல் கொடுத்தேன். கையை இறக்க மனசு வரவில்லை.